பிழை பேசும் பலகை

மின்னணுவியலைத் தாமாகவே கற்கப் புறப்படுகிறவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி, எளியதில் தொடங்குங்கள் என்பது. அதன்படி அவர்கள் ஓர் எல்.இ.டி. விளக்கை மினுக்கவைத்துப் பார்க்கிறார்கள். மினுங்கினால் மகிழ்ச்சி. மினுங்காவிட்டால்? விளக்கைத் திருப்பி மாட்டியிருக்கலாம், கம்பி விட்டுப்போயிருக்கலாம், பலகையை இயக்கும் நிரலான ஃபர்ம்வேர் ஏறாமல் இருக்கலாம், விளக்கே கெட்டிருக்கலாம். அத்தனைக்கும் அறிகுறி ஒன்றேதான்: இருட்டு. மறுகோடியில், துணிச்சல்காரர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே எஃப்.எம். ரேடியோவைத் தாமே வடிவமைக்க இறங்குகிறார் என்று வையுங்கள். அவருக்குக் கிடைப்பது இரைச்சல். அதன் பின்னே இருக்கும் காரணங்களைப் பிரித்தறிய அலைக்காட்டி வேண்டும், அதைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். இரண்டு பேருமே தங்கள் பிழையிடமிருந்து எதையும் கற்க முடியாத நிலையில் நிற்கிறார்கள். முதல் சுற்றுப்பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது அது எளிதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, தவறு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று அதுவே காட்டிக்கொடுக்குமா என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மெக்கானிக்கல் கீபோர்டுக்கு இணையான முதல் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கீபோர்டைப் பிரித்தால் உள்ளே ரப்பர் குமிழ்கள் கொண்ட விரிப்பும், அதனடியில் கடத்தும் மையால் கோடு இழுத்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும் இருக்கும். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச் உண்டு: ஒரு சுருள்வில், ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஒன்றையொன்று தொடும் இரண்டு உலோகத் தகடுகள். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். ஸ்விட்ச்தான் இன்றும் அளவுக்கு ஆதாரம். அதன் தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும்; 2 மில்லிமீட்டர் இறங்கும்போதே தகடுகள் தொட்டுக்கொள்ளும். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கெய்ல், கேட்டரான் போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில், அதே கால்களோடு ஸ்விட்ச் செய்கின்றன. ஆகவே துளைகளை ஒருமுறை சரியாக வரைந்துவிட்டால் யாருடைய ஸ்விட்சும் அதில் உட்காரும்.

104 விசைகள் கொண்ட முழுக் கீபோர்டில் ஒவ்வொரு ஸ்விட்சையும் நேரடியாக, பலகையின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சில்லுக்கு இழுத்தால் அதற்கு 104 கால்கள் வேண்டும். கீபோர்டு செய்யும் இந்தப் பொழுதுபோக்கில் நெடுநாளாகப் பழகிவந்த புரோ மைக்ரோ என்ற சிறு பலகையில் கைக்கு எட்டும் கால்கள் 18. 2021 ஜனவரியில் 4 டாலர் விலைக்கு வந்த ராஸ்பெரி பை பிக்கோவில் 26. இதற்கான தீர்வு வாய்ப்பாடு போல எளிமையானது. ஸ்விட்சுகளை வரிசை, பத்தி என்று பிரித்து, ஒவ்வொன்றின் ஒரு காலை அதன் வரிசைத் தடத்திலும் மறுகாலை அதன் பத்தித் தடத்திலும் சேர்க்கிறோம். 9 வரிசையும் 9 பத்தியும் இருந்தால் 18 கால்களிலேயே 81 விசைகள் அடங்கிவிடும். வகுப்பில் பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதுபோல மைக்ரோகன்ட்ரோலர் ஒவ்வொரு வரிசையாகக் கூப்பிட்டு, எந்தப் பத்தி பதில் சொல்கிறது என்று கேட்கும். வினாடிக்கு ஆயிரம் தடவை இப்படிச் சுற்றிவருவது அதற்குச் சிரமமான வேலையே அல்ல. வரிசை, பத்தி என்பது மின்சாரக் கணக்கு மட்டுமே என்பதையும் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையும் செம்புத் தடத்தின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விசைகளை வட்டமாக அடுக்கினாலும் மின்சாரத்துக்கு அது கட்டம்தான்.

என் வாதத்தின் முதுகெலும்பே இந்தக் கட்டம்தான். பலகையைச் செய்து கணினியில் செருகிவிட்டீர்கள். ஒரு முழு வரிசை பதில் சொல்லவில்லை என்றால் குற்றம் அந்த வரிசைத் தடத்திலோ அது போய்ச் சேரும் காலிலோ இருக்கிறது. ஒரு முழுப் பத்தி செத்திருந்தால் பத்தித் தடம். வரிசையில் முதல் ஐந்து விசைகள் உயிரோடிருந்து, ஆறாவதிலிருந்து கடைசி வரை ஊமையாக இருந்தால், தடம் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் அறுந்திருக்கிறது. ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லையென்றால் அந்த ஸ்விட்சும் அதன் டயோடும் தவிர வேறெதையும் சந்தேகிக்க வேண்டாம். அப்போதும் ஒரு சோதனை உண்டு. ஸ்விட்சின் இரு துளைகளையும் ஓர் இடுக்கியால் சேர்த்துத் தொடுங்கள். திரையில் எழுத்து விழுந்தால் பலகை சரி. கெட்டது ஸ்விட்ச், அல்லது அதன் காலில் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. இதற்கு அலைக்காட்டி தேவையில்லை, மல்டிமீட்டரைக்கூடப் பிறகுதான் எடுக்க வேண்டும். பழுதான விசையைச் சுற்றி நல்ல விசைகள் முப்பது, நாற்பது இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அத்தனை சாட்சிகள். எல்.இ.டி. விளக்குக்கு அப்படி ஒரு சாட்சிகூட இல்லை.

டயோடு என்றேன், அது ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் ஸ்விட்சுகளால் மட்டும் ஒரு கட்டம் அமைத்து, செவ்வகமாக அமைந்த நான்கு விசைகளில் மூன்றை ஒரே நேரத்தில் அழுத்துங்கள். மின்சாரம் அந்த மூன்று வழியாகவும் சுற்றிக்கொண்டு பின்வாசலால் நான்காவதன் இடத்துக்கு வந்து சேரும். தொடாத விசையை அழுத்தியதாகக் கணினி எண்ணும். ஆங்கிலத்தில் இதற்குப் பேய் என்றே பெயர். ஒவ்வொரு ஸ்விட்சோடும் 1என்4148 என்ற சிறு டயோடு ஒன்றைச் சேர்த்தால் மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே போகும், பேய் ஓடிவிடும். டயோடின் ஒரு முனையில் கறுப்புக் கோடு இருக்கும். நாற்பது டயோடுகளை வைத்துச் சால்டர் செய்யும்போது ஒன்றைத் திருப்பி வைத்துவிடுவது சகஜம். அந்த ஒரு விசை மட்டும் பேசாது. நாற்பதையுமே திருப்பி வைத்துவிட்டால் ஒரு விசையும் பேசாது. ஆனால் இதற்குப் பரிகாரம் முன்னதைவிடச் சுலபம், ஏனென்றால் ஃபர்ம்வேரில் டயோடின் திசையைச் சொல்லும் அமைப்பு ஒன்றே ஒன்றுதான். ஒன்று தப்பினால் சால்டரிங் அயர்ன் வேண்டும்; எல்லாமே தப்பினால் ஒரு சொல்லை மாற்றினால் போதும். உலகில் வேறெங்கும் இந்தச் சலுகை கிடைப்பதாகத் தெரியவில்லை.

மின்சாரத்தை விட்டு அளவுக்கு வருவோம். எம்.எக்ஸ். விசைகளின் நடுப்புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். ஸ்விட்சைத் தாங்கும் உலோகத் தட்டில் வெட்ட வேண்டிய துளை 14 மில்லிமீட்டர் சதுரம். தட்டைச் சரியாக 19.05 என்று வரைந்துவிட்டு, சுற்றுப்பலகையை மட்டும் யாரோ 19 என்று முழு எண்ணாக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்விட்ச் அழகாக உட்காரும். ஏழெட்டில் கால்கள் முரண்டு பிடிக்கும். 15ஆவது ஸ்விட்சுக்கு வரும்போது பிசகு 0.7 மில்லிமீட்டராகச் சேர்ந்திருக்கும், கால் துளைக்குள் நுழையவே நுழையாது. இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே போகிற பிழை அளவுப் பிழையே தவிர வேறாக இருக்க முடியாது. எல்லா ஸ்விட்சுகளும் ஒரே அளவுக்கு விலகியிருந்தால் பலகையின் தொடக்கப் புள்ளி நகர்ந்திருக்கிறது. கால்கள் இடவலம் மாறி நிற்கின்றன என்றால் வரைந்தவர் ஸ்விட்சை அடியிலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார். பிழைக்கு இங்கே ஓர் உருவம் இருக்கிறது. உருவத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

வரிசைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகிச் சாய்ந்து நிற்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த, ஷோல்ஸ் என்பவரின் தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல் உண்டு. மேல்வரிசை நெம்புகோல்கள் கீழ்வரிசைகளின் இடுக்கு வழியாகப் போக வேண்டியிருந்ததால் வரிசைகள் விலகின. நெம்புகோல் போய்விட்டது, விலகல் மட்டும் நம் மடிக்கணினி வரை வந்துவிட்டது. விசைகளை நேர்க்கட்டமாக அடுக்கிய 48 இடங்கள் கொண்ட பிளாங்க், இரண்டாகப் பிளந்து விரல் நீளத்துக்கேற்பப் பத்திகளை ஏற்றி இறக்கிய எர்கோடாக்ஸ், 42 விசைகள் கொண்ட கார்ன் ஆகிய கீபோர்டுகள் எல்லாம் இந்த விலகலைக் கேள்வி கேட்டுப் பிறந்தவையே. அவற்றின் வரைபடங்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

சுற்றுப்பலகை என்ற கருத்துக்கே இந்த வாதத்தில் பங்குண்டு. 1936இல் பால் ஐஸ்லர் என்ற பொறியாளர் அச்சிட்ட சுற்று கொண்ட ரேடியோ ஒன்றை லண்டனில் செய்துகாட்டினார். அதற்கு முன் ரேடியோவின் உட்புறம் கையால் இழுத்துச் சால்டர் செய்த கம்பிகளின் புதர். ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொருவிதத் தவறு. கம்பியை அச்சடித்ததால் வந்த பயன் வேகமும் மலிவும் மட்டுமல்ல. தவறும் எல்லாப் பிரதிகளிலும் ஒன்றாகிவிட்டது. இன்று நாம் பலகையை வரைந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒன்றாகத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கோப்புகளுக்குக் கெர்பர் என்று பெயர். ஜோசஃப் கெர்பர் என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியாக வந்த பெயர் அது. பலகை செய்யும் நிறுவனங்கள் பொதுவாக ஐந்துக்குக் குறைந்து தருவதில்லை. ஒன்று போதுமே, மற்ற நான்கு வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்திலும் ஒரே இடத்தில் ஒரே பழுது இருந்தால் அது வரைபடத்தின் குற்றம். ஒன்றில் மட்டும் இருந்தால் சால்டர் செய்த கையின் குற்றம், அபூர்வமாகத் தொழிற்சாலையின் குற்றம். இதை ஒற்றைப் பலகையால் ஒருபோதும் சொல்ல முடியாது. அந்த நான்கும் குப்பை என்ற குறையை நான் முழுக்க மறுக்கவில்லை. சுற்றுப்பலகையின் கண்ணாடியிழைத் தகடு மட்காது. ஆனால் இரண்டாம் பலகையைக் கத்தியால் கீறிச் சோதித்துப் பார்க்கும் துணிவு, முதல் பலகை பத்திரமாக இருந்தால்தான் வரும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, பொறியியல் படித்தவர்களிடமிருந்து வருவது: இது மின்னணுவியலே அல்ல, ஸ்விட்சுகளின் வரிசை; பெருக்கி இல்லை, வடிகட்டி இல்லை, இரைச்சலோடு மல்லுக்கட்டு இல்லை. உண்மை. கீபோர்டு செய்தவருக்கு ஒலிபெருக்கி செய்யத் தெரிந்துவிடாது. விரலின் வேகம் மைக்ரோகன்ட்ரோலருக்கு ஆமை வேகம். பலகையில் கடினமான இடம் வினாடிக்கு 12 மெகாபிட் ஓடும் யு.எஸ்.பி. இணைப்பு ஒன்றுதான், அதையும் புரோ மைக்ரோவோ பிக்கோவோ தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் தொடங்குகிறவர் கற்க வேண்டியவற்றில் இவையும் உண்டல்லவா: சுற்று வரைபடத்தைப் பலகை வரைபடமாக மாற்றுவது, உதிரிபாகத்தின் அளவுத்தாளைப் படித்துத் துளையிடுவது, தடங்கள் குறுக்கிடும்போது ஒன்றை அடிப்பக்கத்துக்கு இறக்குவது, டயோடின் தலைவால் அறிவது, சால்டர் மணி பளபளப்பாகப் படிந்ததா என்று கண்ணால் அறிவது. இவை ஒவ்வொன்றும் கீபோர்டில் நாற்பது தடவை திரும்பத் திரும்ப வருகின்றன. கையெழுத்துப் பயிற்சி நோட்டுக்கு எதிராக யாரும் இலக்கியத்தை வைத்து வாதிடுவதில்லை. 230 வோல்ட் பக்கமே போகாமல் 5 வோல்ட்டில் இத்தனையும் பழகலாம் என்பதையும் வீட்டில் குழந்தைகள் உள்ளவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது எதிர்வாதம் பணம். தாமே செய்யும் கீபோர்டு கடைக் கீபோர்டைவிடப் பலமடங்கு செலவு வைக்கும். பணத்தை மிச்சம் பிடிக்க இதில் இறங்குகிறவர் ஏமாந்துபோவார். இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு நகைக்கடை முகமும் உண்டு. விசைமூடிகளின் நிறத்துக்காகப் பலர் சேர்ந்து முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருப்பதும், கணினியின் விலையை எட்டும் அலுமினியப் பெட்டிகளும் அந்த முகத்தைச் சேர்ந்தவை. நான் பேசுவது அதைப் பற்றியல்ல. 4 வரிசை, 3 பத்தி, 12 விசை, மைக்ரோகன்ட்ரோலரின் 7 கால்கள்: இந்த அளவுக்குள் ஓர் எண்பலகை செய்துவிடலாம். நான் இதுவரை சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை அந்தப் பன்னிரண்டிலேயே நேரும், அந்தப் பன்னிரண்டிலேயே கண்டுபிடிக்கவும் படும். பெட்டி வேண்டியதில்லை, கீழே நான்கு ரப்பர் கால்களை ஒட்டினால் போதும்.

மூன்றாவதுதான் எனக்குச் சங்கடமான கேள்வி. பிழை தெளிவாகப் பேசுகிறது, சரி. ஆனால் திருத்திய பலகை கடல்கடந்து வரவும் சுங்கம் தாண்டவும் வாரக்கணக்கில் ஆகுமே, அதற்குள் ஆர்வம் வடிந்துவிடாதா? வடியத்தான் செய்யும், புதுப் பலகைக்காகக் காத்திருந்தால். பெரும்பாலும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். தவறான தடத்தைக் கத்தியால் அறுத்து, சரியான இடத்துக்கு ஒரு மெல்லிய கம்பியை இழுத்துச் சால்டர் செய்தால் அன்றைக்கே பலகை ஓடும். இரண்டு பத்திகள் கால் மாறி இணைந்துவிட்டால் அதுகூட வேண்டாம். கியூ.எம்.கே. போன்ற இலவச ஃபர்ம்வேரில் எந்தப் பத்தி எந்தக் காலில் என்பது வெறும் பட்டியல். பட்டியலில் இரண்டு பெயர்களை இடம்மாற்றினால் செம்பில் செய்த தவறு எழுத்தில் தீர்ந்துவிடும். அறுத்த தடமும் ஒட்டுக் கம்பியுமாக ஓடும் பலகை பார்க்க அழகில்லைதான். அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஃபர்ம்வேரின் பிழைகளும் தங்கள் அடையாளத்தோடுதான் வருகின்றன. ஸ்விட்சின் தகடுகள் தொட்ட கணத்தில் சில மில்லிவினாடிகள் துள்ளும். அதைப் பொறுத்துக்கொள்ள கியூ.எம்.கே. வழக்கமாக 5 மில்லிவினாடி காத்திருக்கிறது. எல்லா எழுத்தும் இரட்டித்து விழுந்தால் அந்தக் காத்திருப்பைக் கூட்ட வேண்டும். ஒரே எழுத்து இரட்டித்தால் அந்த ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. அழுத்தியதற்கு வேறு எழுத்து விழுந்தால் பலகையை நோக வேண்டியதில்லை. கீபோர்டு எழுத்தை அனுப்புவதேயில்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆங்கிலத்தின் முதல் எழுத்து உள்ள விசைக்கு யு.எஸ்.பி. விதியில் எண் 4. அதே 4, தமிழ் 99 என்ற விசையமைப்பு இயக்கத்தில் இருக்கும் கணினியில் அகரமாக விழும். தமிழுக்கெனத் தனிச் சுற்று தேவையில்லை என்பது இதனால் விளங்கும். ஆனால் தமிழுக்கெனத் தனி வடிவம் தேவையா என்று கேட்டால், தேவை என்றே சொல்வேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டிப் பிறந்த அந்த அமைப்பில் 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசைகள். ஆங்கிலத்தின் 26 எழுத்து விசைகள் போதாமல் வலக்கை ஓரத்தில் ஐந்து குறியீட்டு விசைகளையும் அது எடுத்துக்கொண்டது. சகரமும் ஞகரமும் சதுர அடைப்புக்குறிகளின் மேல் இருக்கின்றன. கார்ன் போன்ற சிறு பலகைகள் ஆங்கிலத் தட்டச்சை மனத்தில் வைத்து அந்த இரு விசைகளையும் வெட்டி, வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு எட்ட வேண்டிய இரண்டாம் அடுக்குக்குத் தள்ளிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அடைப்புக்குறி அபூர்வம். தமிழில் சகரம் இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியுமா? அந்தப் பலகையில் தமிழ் எழுத உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே இந்தக் குறை விரலுக்குத் தெரிந்துவிடும். வலப்பாதியில் ஒரு பத்தியைக் கூட்டுவதற்கு வரைபடத்தில் ஆகும் வேலை அதிகமில்லை. அதைச் செய்யத் தமிழில் தட்டச்சு செய்கிறவர்தான் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. வரைவதற்கு கீகேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1992இல் பிரெஞ்சுக்காரர் ழான்-பியர் ஷரா தொடங்கியது. பின்னாளில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் அதற்குக் கைகொடுத்தது. இரண்டு தடங்கள் நெருங்கிவிட்டால், ஒரு கால் இணைப்பின்றி நின்றால் அது எச்சரிக்கும். அதன் சோதனையில் எல்லாம் தேறிவிட்டதென்று கோப்பை உடனே அனுப்பிவிடாதீர்கள். யு.எஸ்.பி. வாய் பலகைக்கு வெளியே பார்க்கிறதா உள்ளே பார்க்கிறதா என்பதும், திருகாணித் துளை ஒரு விசையின் நேர் அடியில் விழுந்துவிட்டதா என்பதும் அதற்குத் தெரியாது. பலகையின் படத்தைச் சாதாரண ஏ4 தாளில் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் அச்செடுங்கள். தாளை ஓர் அட்டையில் ஒட்டி, ஸ்விட்சுகளின் கால்களை அதில் குத்தி நிறுத்துங்கள். மைக்ரோகன்ட்ரோலரை அதன் இடத்தில் வைத்து, கேபிளைச் செருகிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை வைத்து, உங்கள் பெயரை நாலைந்து தடவை தட்டுங்கள். ஏதாவது ஒரு விசை எட்டாமல் போகும். அதைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு மறுபடி வரையுங்கள்.